தோற்ற ராஜா, வென்ற வேட்பாளர்: சண்முக ராஜேஸ்வர சேதுபதியின் தேர்தல் பயணம்

(காட்சி: இராமநாதபுரம் அரண்மனை, இராமலிங்க விலாசத்தின் முகப்பு)

சேதுக்கரையையும் இராமேசுவர யாத்திரை வழியையும் காத்து வந்த சேதுபதிகள் மரபில், சண்முக ராஜேஸ்வர சேதுபதி 1929-இல் இராமநாதபுரம் ஜமீனின் பட்டத்துக்கு வந்தார். அவர் தேர்தலில் எத்தனை முறை வென்றார் என்பதைவிட, எப்போது தோற்றார், எப்போது வென்றார் என்பதே கவனிக்கத் தக்கது.

1937-ஆம் ஆண்டு சென்னை மாகாணத் தேர்தலில் எல்லோருக்கும் வாக்கு இல்லை. சொத்து, வரி, கல்வி போன்ற தகுதி உடையவர்களே வாக்களித்தார்கள். ஜமீனுக்குச் சாதகமான களம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் காங்கிரஸ் நிறுத்திய முத்துராமலிங்கத் தேவர், ஏறத்தாழத் தம் வயதினரான ராஜாவை அவருடைய சொந்த மண்ணிலேயே தோற்கடித்தார்.

(காட்சி: பழைய இரும்பு வாக்குப் பெட்டி, அண்மையில்)

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. அடுத்த ஆண்டே இராமநாதபுரம் ஜமீனை அரசு எடுத்துக்கொண்டது. அதன் பிறகு நடந்த 1952 தேர்தலில்தான், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்த வேளையில், சேதுபதி இராமநாதபுரம் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். அன்று வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம்.

கிஸ்தி வசூலிக்கும் அதிகாரம் கையில் இருந்தபோது தோற்றவர், அது போன பிறகு வென்றது ஏன்? சுதந்திரப் போராட்ட அலை 1937-இல் காங்கிரஸ் பக்கம் வீசியது ஒரு காரணம். வரி கேட்கும் ஜமீன்தார் மறைந்து சேதுபதி என்ற மரியாதை மட்டும் எஞ்சியதும் இன்னொரு காரணம் என்பது என் கணிப்பு.

1952 தேர்தலில் சட்டமன்றத்தின் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸ், பிறர் துணையின்றி ஆட்சி அமைக்க இயலாத நிலையில் இருந்தது. இராஜாஜியின் அமைச்சரவையில் சேதுபதி இடம் பெற்றதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானபோது, அவரையும் சேர்த்து எட்டே பேர் இருந்த அமைச்சரவையில் பொதுப்பணித் துறை சேதுபதியிடம் இருந்தது. 1937-இல் காங்கிரஸிடம் தோற்றவர் காங்கிரஸ் முதலமைச்சர்கள் இருவரிடம் அமைச்சராக இருந்தார் என்பதை அரசியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1957, 1962 ஆகிய தேர்தல்களிலும் தொகுதி அவரையே அனுப்பியது.

(காட்சி: தனுஷ்கோடி, இடிந்த தேவாலயச் சுவர்)

மூன்றாம் முறை அவர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. ரயில் பாலம் சில மாதங்களில் சீராயிற்று. தீவுக்குச் சாலைப் பாலம் கிடைக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1967-இல் மாநிலமெங்கும் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. இராமநாதபுரம் தொகுதியைத் தி.மு.க. கைப்பற்றியது.