பாச்சை உருண்டையும் நியூட்ரானும்

வணக்கம். பின்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் ஜூலை மாதம் இப்படித்தான்.

என் கையில் இருப்பது பாச்சை உருண்டை. ஸ்வெட்டர்ப் பெட்டியிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது. 1947-இல் ஜெர்மனியில் கால்மன் என்பவர் இதே நாப்தலீனில் கதிர்வீச்சு பட்டதும் எழும் மினுக்கத்தை மங்கலான ஒளியையும் மின் துடிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் வைத்துப் பிடித்தார். நம் ஊர் விண்கதிர் ஆய்வுக்கூடமான கிரேப்ஸ்-3 மைதானத்தில் வரிசையாக நிற்கும் 400 பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்களும், அதாவது கதிர் பட்டால் மினுக்கும் கருவிகளும், அந்த வம்சம்தான். அவை பிடிப்பது விண்ணிலிருந்து வரும் கதிர்களின் துகள் பொழிவை. நான் துரத்துவது நியூட்ரானை, அதேபோல் மினுக்கும் ஸ்டில்பீன் என்ற கரிமப் படிகத்தை வைத்து.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அணுக்கருவில் மோதினால்தான் அகப்படும். கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும், ஒரு காய் இன்னொரு காயை நேராக அடித்தால் அடித்தது நின்றுவிடும், அடிபட்டது ஓடும். நியூட்ரானும் ஹைட்ரஜன் கருவான புரோட்டானும் கிட்டத்தட்ட ஒரே எடை. கரிமப் பொருளில் ஹைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. அடிபட்ட புரோட்டான் போகும் வழியில் ஒளி பிறக்கிறது.

தலைவலி காமாக் கதிரால். அதுவும் இதே படிகத்தை மினுக்கவைக்கிறது, நியூட்ரான் இருக்குமிடத்தில் அழையா விருந்தாளியாக வந்தும் நிற்கிறது. இரண்டையும் பிரிக்க மினுக்கத்தின் வாலைப் பார்க்க வேண்டும். முதல் வீச்சு சில நானோ நொடிகளில் அடங்கிவிடும்; அதன் பின் மெதுவாகத் தேயும் ஒளிதான் வால். புரோட்டானோ குட்டித் தூரத்துக்குள் மூலக்கூறுகளை நெருக்கமாகக் கிளர்த்திவிடுகிறது. அவற்றில் சில ஜோடி ஜோடியாகச் சந்தித்துத் தாமதமாக ஒளிவிடுகின்றன. ஆகவே காமாவின் வாலைவிட நியூட்ரானின் வால் தடிமன். வாலின் பங்கை வரைபடத்தில் இட்டால் மேலே நியூட்ரானுக்கு ஒரு பட்டை, கீழே காமாவுக்கு ஒரு பட்டை. குறைந்த ஆற்றலில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. என் சண்டையெல்லாம் அந்த மூலையில்தான்.

உங்களுக்குக் காட்டவென்றே புளியங்கொட்டை அளவுப் படிகம் ஒன்றைப் பஞ்சில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மடியிலேயே கொண்டுவந்தேன். வந்த வேகத்தில் ஜில்லென்ற ஜன்னல் திண்டில் வைத்தேன். 'டிக்'கென்றது. ஸ்டில்பீனுக்குத் திடீர்க் குளிர் ஆகாது என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான்!

இதோ, புற ஊதா டார்ச்சை அடிக்கிறேன். நீல ஒளி தெரிகிறதா? நடுவில் நூல்போல் ஒரு கோடு மட்டும் கூடுதலாகப் பளிச்சிடும். அந்த விரிசலில் சிதறும் ஒளி குழாய்க்குப் போய்ச் சேராது. திங்கட்கிழமை ஆய்வகத்தில் வேறு படிகம் வளர்க்கப் புதிதாகக் கரைசல் வைக்கிறேன்.