அட்ரஸ்: நீரோ மன்னன் தலைக்குக் கீழே! பெயரில்லாத கையெழுத்துப் பிரதியை நூலகம் எப்படிப் பட்டியலிடுகிறது?

வணக்கம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. வயது சுமார் 1000 வருஷம். அதற்குள் 3182 வரியில், பழைய ஆங்கிலத்தில் ஒரு கதைப்பாட்டு. பாட்டுக்குத் தலைப்பு கிடையாது. பாடியவர் பெயர் கிடையாது. எந்த நூற்றாண்டில் பாடப்பட்டது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை. இப்போது நீங்கள்தான் நூலகர். பட்டியலில் இதை எந்தப் பெயரில் எழுதுவீர்கள்?

(திரையில்: பழுப்பேறி, ஓரம் கருகிய தோல்தாள்)

அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தலைவலி இல்லை. முகப்புப் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வருஷம் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு நூலகர் பதிவு செய்துவிட்டால், அதே புத்தகம் வைத்திருக்கிற மற்ற நூலகங்கள் அந்தப் பதிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் பிரதி உலகத்திலேயே ஒன்றுதான். பார்த்து எழுத முன்மாதிரி கிடையாது. அந்தத் தாளும் நூலகரும் மட்டும்தான்.

சரி, நான் சொன்ன பிரதிக்கு நூலகம் வைத்திருக்கும் அடையாளம் என்ன தெரியுமா? 'காட்டன் விட்டெல்லியஸ் ஏ 15'. ஏதோ ராக்கெட் பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா? இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

ராபர்ட் காட்டன் என்று ஓர் ஆங்கிலேயர், 1631-ல் இறந்தவர். பழஞ்சுவடிகளைச் சேர்ப்பதில் பைத்தியம் பிடித்தவர். அவருடைய நூலக அலமாரிகளின் மேலே ரோமானியச் சக்கரவர்த்திகளின் மார்பளவுச் சிலைகள் இருந்தன. ஜூலியஸ், அகஸ்டஸ், டைபீரியஸ், காலிகுலா, நீரோ என்று 12 பேர். அவர்களோடு கிளியோபாட்ராவும் ரோமானிய ராணி ஃபாஸ்டினாவும். எந்தச் சிலைக்குக் கீழே, எந்தத் தட்டில், எத்தனையாவதாக இருக்கிறதோ, அதுவே சுவடியின் அடையாளம். பிள்ளையார் கோயிலைத் தாண்டி மாடியில் மூணாவது வீடு என்று நாம் வழி சொல்கிறோமே, அதே கதைதான். விட்டெல்லியஸ் சிலை, ஏ தட்டு, 15-வது புத்தகம். முடிந்தது.

அந்தச் சிலைகளும் அலமாரிகளும் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அட்ரஸ் மட்டும் மாறவே இல்லை. மாற்றினால் 300 வருஷத்து ஆராய்ச்சி நூல்களில் இருக்கிற அடிக்குறிப்புகளெல்லாம் வழிதவறிப் போகும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கிறிஸ்தவர்களை வதைத்தவன் என்று பெயரெடுத்தவன் நீரோ. இங்கிலாந்தின் புகழ்பெற்ற லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியின் அடையாளம் 'நீரோ டி 4'. அவன் தலைக்குக் கீழேயே நற்செய்தி நூலை அடுக்கி வைத்திருக்கிறார்கள்! காட்டன் குறும்புக்காரரா, அங்கேதான் இடம் இருந்ததா, கமெண்டில் நீங்களே சொல்லுங்கள்.

அட்ரஸ் என்னவோ அழகுதான். ஆனால் எங்கே இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. அதைச் சொல்ல ஓர் ஆள் வந்தார். ஹம்ஃப்ரி வான்லி. 1705-ல் வெளிவந்த பட்டியலில் அந்தப் பெயரில்லாத பாட்டைப் பற்றி லத்தீனில் ஒரு குறிப்பு எழுதினார். பேயோவுல்ஃப் என்ற ஒரு டென்மார்க்காரன் ஸ்வீடன் சிற்றரசர்களோடு நடத்திய போர்களை இது விவரிப்பதாகத் தோன்றுகிறது, என்றார்.

தப்பு. பாட்டுக்கே இன்று அவன் பெயர்தான், ஆனால் பேயோவுல்ஃப் டென்மார்க்காரன் இல்லை. இன்றைய தெற்கு ஸ்வீடன் பக்கத்து கீட் இனத்தவன். கதையின் முக்கியமான சண்டைகளும் சிற்றரசர்களோடு இல்லை, கிரெண்டல் என்ற அரக்கன், அவன் அம்மா, கடைசியில் ஒரு டிராகன், இவர்களோடுதான். பெயரிலேயே பேய் இருந்தும் வான்லி கவனிக்கவில்லை. ஆனால் நான் அவரைத் திட்ட மாட்டேன். நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒற்றை ஆளாகப் புரட்டியவர், அதுவும் அகராதிகள் அரைகுறையாக இருந்த காலத்தில். 'தோன்றுகிறது' என்று எழுதினாரே, அது போதும். பட்டியல்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் நாகரிகம் அதுதான்.

1731 அக்டோபரில் காட்டன் சேர்த்த சுவடிகள் இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் கட்டடத்தில் தீப்பிடித்தது. விட்டெல்லியஸ் ஏ 15 ஓரம் கருகித் தப்பியது. ஓத்தோ ஏ 12 கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டது. இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னனின் வாழ்க்கையை ஆஸர் என்ற பிஷப் எழுதிய நூலின் பழைய பிரதி அதில்தான் இருந்தது. அந்தப் பிரதி 1000-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது என்று இன்றைய ஆய்வாளர்கள் எதை நம்பிச் சொல்கிறார்கள்? எழுத்தைப் பார்த்து வான்லி குறித்து வைத்த கணிப்பை நம்பித்தான். சுவடி சாம்பல். பட்டியல் வரிதான் மிச்சம்.

அந்தத் தப்பான குறிப்புக்கும் ஒரு யோகம் இருந்தது. தோர்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர் டென்மார்க் தொடர்புள்ள ஆவணங்களைத் தேடி 1786-ல் லண்டன் வந்தார். பட்டியலில் டென்மார்க்காரன் என்று இருந்தால் விடுவாரா? ஆள் வைத்து ஒரு நகல், தன் கையால் இன்னொரு நகல். அதற்குப் பிறகு கருகிய ஓரங்கள் உதிர்ந்துகொண்டே வந்தன. மூலத்தில் இன்று இல்லாத எத்தனையோ எழுத்துகளை அந்த நகல்களில்தான் படிக்கிறோம்.

லைக் போட மறந்தவர்கள் இங்கே போட்டுவிடுங்கள். இனி விதிகள். வரலாறு போரடிக்கும்தான், ஓட்டிவிடுகிறேன். 1978-ல் வந்த ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியல் விதிகளில் கையெழுத்துப் பிரதிக்கு ஓர் அத்தியாயம் இருந்தது, யாருக்கும் திருப்தியில்லை. 1983-ல் ஆவணக் காப்பகக்காரர்கள் தங்களுக்கென்று விதி எழுதிக்கொண்டார்கள், அது பெட்டி பெட்டியாக வரும் தொகுப்புகளுக்கு. 2003-ல் இடைக்காலச் சுவடிகளுக்குத் தனி விதி. நடுவில் அநாதையாக நின்றது ஒற்றைக் கடிதம், ஒற்றை டைரி, ஒற்றைப் பிரசங்கம். அவற்றுக்கு அமெரிக்க நூலகச் சங்கத்தின் அரிய நூல், கையெழுத்துப் பிரதிப் பிரிவு 2016-ல்தான் தனிக் கையேடு கொண்டுவந்தது.

அந்தக் கையேடு தீர்க்க வேண்டிய சிக்கலை நம் ஆளின் கடிதம் ஒன்றை வைத்தே பார்க்கலாம்.

(திரையில்: சென்னைத் துறைமுகத்தின் பழைய படம்)

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகக் கழகத்தில் வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். குமாஸ்தா, சீனிவாச இராமானுஜன். கடிதத்துக்கு யாராவது தலைப்பு வைப்பார்களா? 'அன்புள்ள ஐயா' என்று தொடங்குகிறது. அதையே தலைப்பாக்கினால் உலகத்தில் பாதிக் கடிதங்களுக்கு அதே தலைப்புதான். ஆகவே நூலகர் கட்டித்தான் ஆக வேண்டும்: என்ன வகை, யார் எழுதியது, யாருக்கு, எங்கிருந்து, எப்போது. 'இராமானுஜன் கடிதம், ஜி. எச். ஹார்டிக்கு, சென்னை, 1913 ஜனவரி 16'. சுலபம்தானே என்பீர்கள். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் வந்தனவே, அவை கடிதமா, கணித ஆவணமா? ஒரே பதிவா, இரண்டா? 'சென்னை' என்று போடுவதா, அவர் எழுதியபடி 'மெட்ராஸ்' என்று போடுவதா? ஒவ்வொரு நூலகரும் தன் இஷ்டத்துக்கு எழுதினால் தேடுகிறவன் கதி என்ன?

அப்புறம், எழுதியது யார் கை? ஏலக் கடைக்காரர்கள் இதில் கில்லாடிகள். 'ஏ.எல்.எஸ்.' என்றால் கடிதம் முழுக்க அவர் கையெழுத்து, கீழே ஒப்பமும் உண்டு. வெறும் 'எல்.எஸ்.' என்றால் செயலாளர் எழுதினார், ஐயா ஒப்பம் மட்டும் போட்டார். ஓர் எழுத்து குறைந்தால் விலை எப்படி இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

தேதி இன்னும் வம்பு. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. 1715 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1716 ஆக இருக்கலாம். நம் ஓலைச்சுவடிக்கு வாருங்கள். பிரதி எழுதியவர் கடைசி ஏட்டில் 'தாது வருஷம் ஆடி மாசம் எழுதி முடிந்தது' என்று குறித்திருக்கிறார் என்று வையுங்கள். எந்த தாது? 60 வருஷத்துக்கு ஒருமுறை வருமே! 1816, 1876, 1936, மூன்றும் தாதுதான். தாது வருஷப் பஞ்சம் மனசில் இருக்கிற நூலகர் சட்டென்று 1876 என்று எழுதிவிடுவார். தப்பாகவும் இருக்கலாம். சுவடியில் உள்ளதை உள்ளபடி எழுது, உன் ஊகத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடு, சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி சேர். அதாவது [1876?]. 1705-ல் வான்லி ஒரு சொல்லில் செய்ததை இங்கே இந்தக் குட்டிக் குறிகள் செய்கின்றன. என்னைக் கேட்டால் பட்டியல் விதிகள் அத்தனையிலும் உயிரான விதி இதுதான். மற்றதில் தவறினால் தேடுவது கஷ்டமாகும், இதில் தவறினால் பொய் வரலாறு பிறந்துவிடும்.

ஓலைக்கட்டில் இன்னொரு கண்ணாமூச்சி உண்டு. ஒரே கட்டில் நாலு நூல் இருக்கும். முதல் நூலின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் மற்ற மூன்றும் காணாமல் போனதற்குச் சமம். அதனால்தான் நம் பழைய விளக்க அட்டவணைகளில் ஒவ்வொரு நூலின் தொடக்க வரியையும் முடிவு வரியையும் எடுத்து எழுதினார்கள். பெயர் தெரியாவிட்டாலும் முதல் வரியை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

இதெல்லாம் விதியாகப் படித்தால் மண்டையில் ஏறாது, அதுதான் உண்மை. அரிய அச்சு நூல்களுக்கான விதிப்புத்தகம் 1991-ல் வந்தது. இரண்டே வருஷத்தில், 1993-ல், வெறும் மாதிரிப் பதிவுகளுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. வேலையில் இருக்கிறவர் விதி எண்ணைத் தேடுவதில்லை, தன் கையில் இருப்பதைப் போல ஒரு மாதிரி இருக்கிறதா என்றுதான் புரட்டுவார். விதி எழுதுகிறவர்கள் அசிங்கமான மாதிரிகளைப் போட வேண்டும்: பாதி கிழிந்த கடிதம், பெயரில்லாத டைரி, தப்பான தேதி. சுத்தமான கடிதத்தைப் பட்டியலிட யாருக்கும் விதி தேவையில்லை.

உங்களுக்கு வீட்டுப்பாடம். ஒரு இன்லண்ட் லெட்டர். 'அன்புள்ள அண்ணனுக்கு' என்று தொடக்கம், 'இப்படிக்கு உன் தங்கை' என்று முடிவு. தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'செவ்வாய்' என்று மட்டும். தபால் முத்திரையில் ஊர் அழிந்து, '68' மட்டும் தெரிகிறது. இதற்குத் தலைப்பு கட்டி கமெண்டில் போடுங்கள். ஊகத்துக்கு அடைப்புக்குறி போடாதவர்களுக்கு மார்க் கிடையாது.