வேலி மேய்ந்த கதை

(திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உழவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பள்ளிக்கூடத் திடலைக் கேட்டவுடன் தந்து, பந்தலுக்குக் கால் நடும்போது தானும் ஒரு கை பிடித்த தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, கோடியக்கரையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் வனத்துறை அலுவலர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பாசனதாரர் சங்கத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குப் போர்த்திய துண்டை, இந்தப் பந்தலுக்குத் தண்ணீர் சுமந்த தம்பிக்கு இங்கேயே போர்த்திவிடுகிறேன். அவன் கைக்குத்தான் அது பொருந்தும்.

மூன்று செய்திகள் பேச வந்தேன். ஒன்று, நம் சமவெளியின் புதர்க்காடு. இரண்டு, அதை விழுங்கிய வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேலம். மூன்று, முத்துப்பேட்டையின் கடலோர அலையாத்திக் காடு.

டெல்டா என்றால் நஞ்சை மட்டும்தான் என்று வெளியூரார் நினைக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள். திருமறைக்காடு, கோடியக்காடு, திருவெண்காடு, தலைச்சங்காடு, திருக்கொள்ளிக்காடு. இயற்கை வேளாண்மைக்குப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா பிறந்த ஊர் இளங்காடு. இத்தனை காட்டையும் பெயரில் வைத்துக்கொண்டு, கண்ணெதிரே என்ன வைத்திருக்கிறோம்?

புதர்க்காடு என்றால் பாடப்புத்தகத்தில் மத்தியதரைக் கடலோரத்தையும் கலிபோர்னியாவையும் சொல்வார்கள். அங்கே குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. நமக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பிறகு மாதக்கணக்கில் காய்ச்சல். அதனால்தான் நம் கடலோரக் காட்டு மரங்கள் குள்ளமாக, சின்ன இலையோடு, தடித்த இலையோடு, வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்கின்றன. கோடியக்காட்டில் பாலை மரத்தையும் வீரை மரத்தையும் தொட்டுப் பாருங்கள். உலக்கைப் பாலை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! அங்கே வெளிமானுக்காக 1967இல் சரணாலயம் அமைத்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்தப் பக்கம்தான் கரையேறியது. அன்று சாய்ந்த மரங்களை நீங்களே பார்த்தீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் புதர்க்காடு இல்லாமல் இந்த நஞ்சை விளைந்ததில்லை. நடவுக்கு முன்னால் ஆவாரை, எருக்கு, நொச்சி, பூவரசு என்று வண்டி வண்டியாகத் தழை வெட்டி வந்து சேற்றில் மிதித்தார்கள் நம் பாட்டன்மார்கள். அறுவடை முடிந்தால் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள். பகலெல்லாம் கரையிலும் தரிசிலும் மேய்ந்த ஆடு, இரவு நம் வயலில் கிடை அடையும். காட்டின் சத்து அதன் வயிற்றில் ஏறி நம் வயலில் வந்து இறங்கியது. மூட்டை உரம் வந்தபின் அந்தக் கணக்கை மறந்தோம். கரை சும்மா கிடக்கிறது என்று நினைத்தோம். வேலியே பயிரை மேய்ந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

என் தாத்தாவின் கொல்லைக்குக் கிளுவை வேலி. இடையிடையே காரை, சூரை, சங்கஞ்செடி. பள்ளிக்கூடம் விட்டால் நாங்கள் காரைப்பழம் பறிக்க அங்கேதான் நிற்போம். உடும்பு குறுக்கே ஓடும். கிளுவைக்கு ஆண்டுதோறும் கழி செருக வேண்டும், பொத்தல் அடைக்க வேண்டும். ஆள் கூலி கட்டவில்லை. ஒருநாள் தெற்கே கட்டிக்கொடுத்த அத்தை வீட்டிலிருந்து ஒரு மரக்கால் நெற்று வந்தது. “ஆடு இலையைக் கடிக்காது, தண்ணி ஊத்த வேணாம், விறகுக்கு விறகும் ஆச்சு” என்றார்கள். தாத்தா அதைக் கொல்லையைச் சுற்றி விதைத்தார். பெயரே வேலிக்காத்தான் அல்லவா, நம்பினார்.

ஆடு இலையைத் தொடவில்லை. நெற்றைத் தின்றது. போகிற வழியெல்லாம் புழுக்கையில் விதை போட்டது. சில ஆண்டுகளில் கிளுவை காணவில்லை, காரை காணவில்லை. கொல்லைக்குள்ளே முள், வாய்க்கால் கரையில் முள், சுடுகாட்டுப் பாதையில் முள்.

தாத்தா ஒரு மார்கழியில் இறந்தார். பாடை எடுத்துப் போகிறோம். கொல்லை மூலையில் பாதை அடைந்து கிடக்கிறது. முன்னால் நாலு பேர் அரிவாள் போட்டு வழி எடுக்கிறார்கள். இடது பக்கம் தோள் கொடுத்த என் சித்தப்பா காலில் ஒரு முள் ஏறி, பாதத்துக்கு மேலே முனை தெரிந்தது. ரத்தம் மண்ணில் சொட்டுகிறது. “இறக்குங்கடா” என்று யாரோ சொன்னார்கள். அவர் இறக்கவில்லை. பாடையை நடுவழியில் இறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுடுகாடு வரை நடந்தார். கால் வீங்கி அறுவடை முழுக்கப் படுத்துக் கிடந்தார். அன்று மாலை பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “அவரு வச்ச முள்ளு, கடைசியில அவரையே வழி மறிச்சுது.”

அம்மாடி, அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்ற பழமொழியை அதற்கு முன்னால் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். பொருள் அன்றுதான் தெரிந்தது.

இந்த மரத்தின் சொந்த நாடு அமெரிக்கக் கண்டம். 1870களில் விறகுக்காக இந்தியாவுக்கு வந்தது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னபோது ஊரெல்லாம் ஜேசிபி ஓடியது. தரைக்கு மேலே வெட்டிவிட்டுப் போனார்கள். அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் தளிர்த்தது. வேரோடு பிடுங்கிய இடத்திலும் மண்ணில் கிடந்த விதை அடுத்த மழைக்கு முளைத்தது. அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால், அது திரும்பி வரத்தான் செய்யும். கோடியக்கரையில் மான் மேயும் புல்வெளிக்குள்ளும் இதே மரம் புகுந்ததை வனத்துறை ஐயா எனக்கு மேல் அறிவார். இதை வெட்டி விற்று அடுப்பெரிக்கும் ஏழைத் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பை அடைத்துவிட்டு மரத்தை அழிக்கச் சொல்லவில்லை. பிடுங்கும் வேலையையே அவர்களுக்குக் கொடுங்கள் என்கிறேன்.

அலையாத்தியைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு நாள் வருகிறேன். இன்று எனக்கு வேண்டியது ஒன்றுதான்: முள்ளைப் பிடுங்கிய இடத்தில் உயிர்வேலி, அதாவது கிளுவை, நொச்சி என்று செடியையே நட்டு வளர்க்கும் வேலி. ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். நூறு நாள் வேலையில் கரைகளுக்கும் ஐயனார் கோயில் திடலுக்கும் உயிர்வேலியைச் சேர்க்கத் தீர்மானம் போடுங்கள். வேலி பயிரை மேய்ந்தது போதும், வேலி வேலியாக நிற்கட்டும்.

பந்தலுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடி, குச்சிகளைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறேன். மேட்டுக் கொல்லைக்குக் கிளுவை, வாய்க்கால் கரைக்கு நொச்சி. வீட்டுக்கு ஒரு கட்டு எடுத்துப் போங்கள். அடி எது நுனி எது என்று பார்த்து ஊன்றுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வேர் பிடிக்க வேண்டும், இன்று மாலையே ஊன்றிவிடுங்கள்.