வரிசையும் சந்தையும்: ஒரு கால்பந்து ரசிகனின் கணக்கு

(ஒகையோ வாழ் தமிழர்களின் மாதக் கூட்டமொன்றில் 2026 மார்ச்சில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

சென்ற மாதம் சங்க இலக்கியத்து மரங்களைப் பற்றிக் கேட்டு மகிழ்ந்த இந்த அவையில், இந்த மாதம் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிப் பேச ஒருவனை நிறுத்தியிருக்கிறீர்கள். உங்கள் பொறுமையை நம்பித்தான் வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை பல்கலைக்கழக ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை ஆட்டம் என்பது இந்த நாட்டின் இலையுதிர்காலப் பஞ்சாங்கம். நான் 1996-இல் இங்கு வந்தபோது கிளீவ்லாந்தில் தொழில்முறை அணியே இல்லை. உரிமையாளர் அதைப் பால்டிமோருக்குக் கொண்டுபோயிருந்தார், பிரவுன்ஸ் என்ற பெயரும் நிறமும் மட்டும் ஊரில் மிஞ்சியிருந்தன. அதனால் சனிக்கிழமைதான் எனக்கு முதலில் வாய்த்தது. ஒரு லட்சம் பேர் அமரும் ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழக அரங்கில், படிப்புக்காக விளையாடும் பிள்ளைகளைப் பார்க்கிறோம் என்ற பெருமிதத்துடன் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 1999-இல் பிரவுன்ஸ் மீண்டும் பிறந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை என்பது காசுக்காக ஆடுவது, சனிக்கிழமை என்பது மானத்துக்காக ஆடுவது என்றே நெடுநாள் நம்பிவந்தேன். இப்போது முடிந்திருக்கும் சீசனைப் பார்த்த பிறகு, அந்தக் கணக்கைத் தலைகீழாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் ஞாயிற்றுக்கிழமை. என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீக்கில் 32 அணிகள். ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் பெருஞ்செல்வர்களின் கையில் உள்ளவை. ஆனால் இந்தச் செல்வர்கள் தங்களுக்குள் வரவைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையைப் பார்த்தால், ஊர்ப் பொதுச்சொத்தைப் பிரித்துக்கொள்ளும் பங்காளிகள் கூட இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வார்களா என்று வியப்பு வரும். தேசியத் தொலைக்காட்சி உரிமையால் வரும் பணம் நியூயார்க்குக்கும் கிரீன் பேவுக்கும் ஒரே அளவு. கிரீன் பே ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். அதன் பேக்கர்ஸ் அணிதான் நான் சொன்ன அந்த விதிவிலக்கு, பொதுமக்களே அதன் பங்குதாரர்கள். அதனால் ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறது. கடைசியாக வெளியிட்ட கணக்கின்படி பொது வருவாயில் அதற்குக் கிடைத்த பங்கு 43 கோடி டாலருக்கும் மேல். எந்த அணியும் தன் வீரர்களுக்கு நினைத்தபடி வாரியிறைக்கவும் முடியாது. 2025-இல் சம்பள உச்சவரம்பு அணி ஒன்றுக்குச் சுமார் 28 கோடி டாலர்.

எல்லாவற்றையும் விட அழகானது டிராஃப்ட். நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வு உங்களுக்கு நினைவிருக்கும். அதிக மதிப்பெண் பெற்றவர் முதலில் அழைக்கப்படுவார், நல்ல கல்லூரி அவருக்குப் போய்விடும். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிரான கலந்தாய்வு. கல்லூரியிலிருந்து வெளிவரும் வீரர்களில் தனக்கு வேண்டியவரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை, கடைசியில் வந்த அணிக்கு. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2023-இலும் 2024-இலும் 17 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றது. முதல் வீழ்ச்சிக்குப் பிறகு, 2024 டிராஃப்டின் மூன்றாவது இடத்தில் டிரேக் மே என்ற குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, எடுத்தது. இரண்டாவது வீழ்ச்சிக்குப் பிறகு பயிற்சியாளரை மாற்றியது. இந்த சீசனில் 14 வெற்றிகளுடன் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை வந்து, பிப்ரவரி 8 அன்று சியாட்டிலிடம் 29-13 என்று தோற்றது. இறுதியில் தோற்றாலும், குழியில் கிடந்தவன் கரையேறுவதற்கான படிக்கட்டை லீக்கே கட்டி வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படிக்கட்டு இருந்தும் ஏறத் தெரியாதவர்கள் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, அவர்கள்தான் என் பிரவுன்ஸ். 2017-இலும் 2018-இலும் அடுத்தடுத்து முதல் தேர்வுரிமை எங்களுக்கே கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் 0-16 என்று ஒரு சீசனையே முடித்தோம். 2017-இல் எடுத்த மைல்ஸ் கேரட், எதிரணிக் குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன்பே அவரை வீழ்த்துவதில் இந்த சீசனில் 23 முறை வென்று லீக்கின் வரலாற்றுச் சாதனையை முறியடித்தார். அணி வென்ற ஆட்டங்களோ ஐந்து. பந்தியில் முதல் இலை நமக்கே போடப்பட்டாலும் உண்ணத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இனி சனிக்கிழமை. நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். கல்லூரிக் கால்பந்து நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. வீரனுக்கு உதவித்தொகையைத் தவிர வேறெதுவும் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விதி வகுத்திருந்தது, துண்டுக்குள் நடந்தது வேறு. 2021 ஜூனில், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு அந்த அமைப்பு வரம்பு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 9-0 என்ற ஒருமித்த தீர்ப்பை அளித்தது. அதே ஆண்டு ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி, முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். இதில் எனக்கு வருத்தமே இல்லை. பயிற்சியாளர் கோடிகளில் வாங்க, அடிபட்டு விழும் பையன் மட்டும் வெறுங்கையுடன் நின்றது எந்த அறத்திலும் சேராது.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. சந்தையைத் திறந்தார்கள், சந்தைக்கு நேரம் காலம் வைக்கவில்லை. தேசியப் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றின் அரையிறுதியும் இறுதியும் நடந்துகொண்டிருக்கும் ஜனவரியிலேயே, வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் திறந்திருக்கிறது. மிசிசிப்பி பல்கலைக்கழக அணி 11 ஆட்டங்களில் வென்று பிளே-ஆஃபுக்குக் காத்திருந்தபோது, அதன் பயிற்சியாளர் லேன் கிஃபின் அந்த அணியை விட்டுவிட்டு, போட்டி அணியான லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தலைவனைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளைகள் அரையிறுதி வரை வந்தார்கள் என்பது அவர்கள் பெருமை. தொழில்முறை லீக்கில் ஒரு தலைமைப் பயிற்சியாளர் இப்படிப் பாதியில் போட்டி அணிக்குத் தாவ வழியே கிடையாது. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல், பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஆடும் குழுக்களில் ஒன்றான அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகின்றன என்றால், பூகோள ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. கால்பந்துத் தொலைக்காட்சிப் பணத்துக்காகச் செய்த அந்த ஏற்பாட்டில், கைப்பந்து ஆடும் மாணவியும் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து பறக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சொன்னவன், இந்தியானாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. கால்பந்தில் மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த பல்கலைக்கழகங்களில் ஒன்று அது. 2023-இல் மூன்றே வெற்றி. அந்த ஆண்டின் இறுதியில் பயிற்சியாளராக வந்த கர்ட் சிக்னெட்டி, தன் பழைய அணியிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அழைத்து வந்தார். 2025-இல் பெர்க்லியிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா என்ற குவார்ட்டர்பேக் வந்து சேர்ந்தார். 16 ஆட்டம், 16 வெற்றி. ஜனவரி 19 அன்று மயாமியை 27-21 என்று வென்று தேசியப் பட்டத்தைக் கைப்பற்றினார்கள். போர்ட்டல் இல்லாத பழைய காலமாக இருந்திருந்தால் இந்த ஏழை வீட்டில் இப்படியொரு விளக்கு ஏறியிருக்காது. சந்தையைத் திட்ட வந்த என் வாயை இந்தியானா பாதி அடைத்துவிட்டது.

மீதிப் பாதியை என் சனிக்கிழமை அணியான ஒகையோ ஸ்டேட்டே அடைத்துவிட்டது. 2024 நவம்பரில் மிச்சிகனிடம் எங்கள் ஊரிலேயே 13-10 என்று தோற்றோம். அன்று எங்கள் வீட்டில் இரவுச் சோறு இறங்கவில்லை. நான்கு அணிகளே ஆடிய பழைய பிளே-ஆஃப் முறையில் அத்தோடு கதை முடிந்திருக்கும். 12 அணி முறை அந்த ஆண்டுதான் வந்திருந்ததால் உள்ளே நுழைந்து, பட்டத்தையே வென்றோம். அந்த வீரர் குழுவுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆனதாகப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரே கூறினார். அன்று நான் துள்ளிக் குதித்தேன், விலை கேட்கவில்லை. ஆனாலும் மிச்சிகனிடம் தோற்றால் ஓராண்டு முழுவதும் தோற்றது என்றிருந்த அந்தப் பழைய பதைப்பு என்னிடம் குறைந்துவிட்டது. இந்த முறை மிச்சிகனை 27-9 என்று வென்றபோது மகிழ்ச்சியும் அந்த அளவுக்கே இருந்தது. அடுத்த வாரமே எங்கள் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் இந்தியானாவிடம் தோற்றோம். எத்தனைக்கு எத்தனை என்கிறீர்களா? அதே 13-10.

வரும் ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் டிராஃப்ட் நடக்கிறது. தனக்குப் பிடித்த பல்கலைக்கழகத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்து பட்டம் வென்ற மெண்டோசாவுக்கு, அந்த அரங்கில் எந்த ஊர் என்று சொல்லும் உரிமை கிடையாது. முதல் தேர்வு, மூன்றே ஆட்டங்களில் வென்ற லாஸ் வேகஸ் ரெய்டர்ஸின் கையில் இருக்கிறது. மாணவனாக இருந்தவரை அவர் ஊரைத் தேர்ந்தெடுத்தார், ஊழியனானதும் ஊர் அவரைத் தேர்ந்தெடுக்கும். பிரவுன்ஸுக்கு இம்முறை முதற்சுற்றில் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. பிட்ஸ்பர்க் கிளீவ்லாந்திலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம்தான். என் காரில் மூன்று இடம் காலியாக இருக்கிறது, வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.