மதிலோரப் பேச்சு வீட்டைக் காக்கும் பேச்சே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தத் தென்னாப்பிரிக்கக் குளிரிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜோஹானஸ்பர்க்கின் லெனேசியாவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'குளிர்கால மதிலோரப் பேச்சு வெட்டிப் பேச்சா, வீட்டைக் காக்கும் பேச்சா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணியினர் மூன்று வாதங்களை வைத்தார்கள். வானிலை கைபேசியிலேயே வருகிறது, பிறகு எதற்கு "என்னக்கா, ராத்திரி குளிர் எப்படி?" என்று பக்கத்து வீட்டில் கேட்பது என்றார் முதலாமவர். நல்ல ஹீட்டரும் நல்ல கீசரும் வாங்கிப் போட்டால் யார் தயவும் வேண்டாம் என்றார் இரண்டாமவர். மதிலோரம் நின்றால் வம்புதான் வளரும் என்றார் மூன்றாமவர். மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

முதலில் கைபேசி. கைபேசி சொல்லும் டிகிரி எந்த இடத்து டிகிரி? விமான நிலையம் போன்ற ஓர் இடத்தில், தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, நிழல் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியை ஒட்டிய கணக்கு அது. ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூலையில் பகலில் 17 டிகிரி, விடியற்காலையில் 4 டிகிரி என்பது சராசரி. ஆனால் மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கைபேசி 3 டிகிரி என்று காட்டும்போதே பள்ளத்து வீட்டுப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மேட்டு வீட்டில் ஒரு பொட்டு இருக்காது. தெரு ஒன்றுதான், குளிர் இரண்டு.

பள்ளத்து வீட்டு அம்மா காலையில் வாசலில் நின்று, "எங்க கறிவேப்பிலை நுனி கருகிப் போச்சு, இன்னிக்கு ராத்திரி உங்க செடியை மூடி வையுங்க" என்கிறார். இந்த ஒரு வரியை எந்தச் செயலி சொல்லும்? அதோடு அவர் விடுவதில்லை. தொட்டியில் இருக்கும் செடியை வடக்குச் சுவரோரம் நகர்த்துங்கள், பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் ராத்திரியில் சூட்டைத் திருப்பித் தரும். நிலத்தில் இருந்தால் பொழுது சாய்வதற்கு முன்பே பழைய பெட்ஷீட்டைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு மூடுங்கள், தரையின் சூடு உள்ளேயே நிற்கும். பிளாஸ்டிக் தாள் போட்டால் அது தொட்ட இலையெல்லாம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். தண்ணீரை முற்பகலிலேயே விடுங்கள், ஈரமண் உலர்மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். கருகிய கிளையை உடனே வெட்டவேண்டாம். வெட்டினால் கிளம்பும் இளந்தளிர் அடுத்த உறைபனியில் செத்துப்போகும், கருகியதே கீழ்க்கிளைக்குக் குடையாக நிற்கும். ஆகஸ்டு கடைசி வரை பொறுங்கள். இவ்வளவும் ஐந்து நிமிடப் பேச்சு, நடுவர் அவர்களே. இதையா வெட்டிப் பேச்சு என்பது?

நம் முன்னோர் 1860 நவம்பரில் டர்பன் துறையில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த பஞ்சாங்கம் இங்கே தலைகீழாக நின்றது. மார்கழி வெயில் காலமானது, ஆடி குளிர் காலமானது. சூரியன் வடக்கே போய் நின்றது. ஊரில் தெற்குப் பார்த்த அறையென்றால் காற்றும் வரும், தை மாத வெயிலும் வரும். இங்கே குளிர்காலத்தில் தெற்கு அறைக்கு வெயிலே கிடையாது. ஜூன் 21-ஆம் தேதி உச்சிப் பொழுதிலும் ஜோஹானஸ்பர்க் சூரியன் வடக்கு வானில் 40 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். அந்தச் சாய்வெயில் வடக்கு ஜன்னல் வழியாக அறைக்குள் வெகுதூரம் வரும். காலை பத்து மணிக்குத் திரையை விலக்கு, நாலு மணிக்கு இழுத்து மூடு, கைக்குழந்தையையும் வயதான ஆயாவையும் வடக்கு அறையில் படுக்க வை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து புதிதாகக் குடியேறும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது பக்கத்து வீடுதான். வாடகைப் பத்திரத்தில் இது எழுதியிருக்காது.

இன்னொன்று. குளிரலை முதலில் கேப் டவுனில் மழையாக இறங்கும். ஒன்றிரண்டு நாளில் இங்கே வரும். டர்பனில் குளிரலை வருவதற்கு முந்தின நாள் மலைப்பக்கத்திலிருந்து 'பெர்க்' காற்று சூடாக, வறண்டு வீசும். இது என்ன ஜூலையா, ஜனவரியா என்று கேட்க வைக்கும். மறுநாளே பத்து டிகிரிக்கு மேல் சரியும். அதனால் கேப் டவுன் மருமகள் "இங்கே ஒரே மழை அத்தை" என்று போனில் சொல்வதும், டர்பன் தங்கை "இன்னிக்கு என்ன இப்படிக் கொதிக்குது" என்று சொல்வதும் குடும்பப் பேச்சுதான், ஆனால் நம் வீட்டுக் கம்பளியை வெயிலில் போடச் சொல்லும் பேச்சு. 2023 ஜூலை 10-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க்கில் வெண்பனி பெய்தது. அதற்கு முன் 2012 ஆகஸ்டில். அப்படிப்பட்ட குளிர் எப்போதாவதுதான் வரும், ஆனால் வரும்.

அடுத்தது கீசர். எதிரணி நண்பர் நல்ல கீசர் போதும் என்றார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான வீட்டு கீசர் 150 லிட்டர், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் 3 கிலோவாட். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் எட்டரை யூனிட் மின்சாரம் வேண்டும், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இப்போது இரண்டு மணி நேர மின்வெட்டு முடிந்து கரண்டு வருகிறது. தெருவில் இருபது வீடு. இருபது கீசரும் ஒரே நொடியில் இழுத்தால் அதுவே 60 கிலோவாட். அதன்மேல் ஹீட்டர், அதன்மேல் அடுப்பு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் எப்படித் தாங்கும்? வந்த கரண்டு பத்தே நிமிடத்தில் போய்விடலாம், ராத்திரி முழுக்க வராமலும் போகலாம். வீட்டுக்கு வீடு விலை உயர்ந்த கீசர் இருந்தும் வெந்நீர் இல்லை.

இதற்கு மருந்து கடையில் இல்லை, மதிலோரத்தில்தான் இருக்கிறது. கரண்டு போனதுமே மின்சுவிட்ச் பலகையில் கீசர் சுவிட்சைக் கீழே தள்ளிவிடுவது. வந்ததும் ஒற்றைப்படை எண் வீடுகள் அரை மணி கழித்துப் போடுவது, இரட்டைப்படை வீடுகள் அவர்களுக்குப் பிறகு போடுவது. கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீடு எது என்று தெரிந்து அவர்களை முதலில் விடுவது. பேசிப் பழகாத தெருவில் இந்த ஏற்பாடு நடக்குமா? பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதே தெரியாதவன் யாருக்கு விட்டுக்கொடுப்பான்?

சூரிய கீசர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீரே நேராகத் தகடு வழியாக ஓடும் வகையென்றால், காற்று பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் ராத்திரியிலும் தகடு திறந்த வானத்துக்குச் சூட்டை விட்டு உள்ளே உறைந்து குழாய் வெடிக்கலாம். வாங்குவதற்கு முன் அதே தெருவில் ஏற்கெனவே வைத்தவரைக் கேளுங்கள். எந்த வகை, எந்தக் குளிர்காலத்தில் வெடித்தது என்று அவர் சொல்வார்.

இப்போது இந்த மேடையில் நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது. தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இம்பாவுலா என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: ஓட்டை போட்ட தகர டிரம், உள்ளே நிலக்கரி. 'பாசா ஞெங்கோ மகோகோ' என்று ஒரு முறை உண்டு. பாட்டியைப் போல நெருப்பு மூட்டு என்று பொருள். வழக்கமாக அடியில் காகிதமும் விறகும் வைத்து, மேலே கரியைக் கொட்டிக் கீழிருந்து பற்றவைப்பார்கள். புகை சூடாகாத கரி வழியாக ஏறிக் கரும்புகையாக வெளியே வரும். பாட்டி முறையில் கரியை அடியில் போடு, அதன்மேல் காகிதம், அதன்மேல் சுள்ளி, பற்றவைத்த பின் உச்சியில் ஒரு கைப்பிடி கரி. தீ மேலிருந்து கீழே இறங்கும். கீழிருந்து எழும் புகை தீயின் வழியாகப் போய் எரிந்துவிடும். புகையும் குறையும், கரியும் மிச்சம். பாட்டியின் பெயரையே தாங்கி நிற்கும் இந்த முறை, வாசலில் ஒருவர் மூட்டிக் காட்ட இன்னொருவர் பார்த்துக் கற்றுக்கொள்வது.

ஆனால் புகை இல்லை என்பதற்காக அந்த டிரம்மை வீட்டுக்குள் தூக்கி வைத்தால் உயிர் போகும். கனன்று சிவந்த கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், வாந்தி, பிறகு தூக்கம். தூங்குபவனுக்குத் தான் சாகிறோம் என்று தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் தெளிந்தால், அது காய்ச்சல் இல்லை. கேஸ் ஹீட்டரும் அப்படித்தான்: ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்து வை, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அணைத்து ஆளைக் கூப்பிடு, படுக்கும் முன் சிலிண்டர் வால்வையே மூடு. சிலிண்டர் மாற்றியதும் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பார், குமிழி வந்தால் கசிவு. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். பாரஃபின் என்னும் மண்ணெண்ணெயைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதே. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே, அது நுரையீரலுக்குள் போகும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கு.

எதிரணியை ஒன்று கேட்கிறேன். கார்பன் மோனாக்சைடு ஏறிய வீட்டில் இருப்பவருக்கு எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது, யோசிக்க மூளை ஓடாது. அந்தக் கதவைத் தட்டப்போவது யார்? "சாயங்காலம் டிரம்மை உள்ளே தூக்கிட்டுப் போனாங்களே, வெளியே எடுத்த மாதிரி தெரியலையே" என்று கவனிக்கும் ஒரு கண்தான். கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளிக்காற்றுக்கு இழுத்து, ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது கைபேசியில் 112 அழைப்பது அந்தப் பக்கத்து வீட்டுக் கைதான்.

தனியாக இருக்கும் பெரியவர்களும் அப்படித்தான். பிள்ளைகள் ஒருவர் டர்பனில், ஒருவர் லண்டனில். போனில் கேட்டால் ஆயா "நல்லா இருக்கேன்பா" என்றுதான் சொல்வார். குளிர் ஏறிய முதியவருக்குப் பேச்சு குழறும், நடை தடுமாறும், சில சமயம் நடுக்கமே நின்றுவிடும். நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று எண்ணக்கூடாது, அதுதான் ஆபத்து. போனில் இது தெரியாது. எட்டு மணியாகியும் திரை விலகவில்லை, குப்பை எடுக்கும் நாளில் தொட்டி வாசலுக்கு வரவில்லை. இந்த இரண்டும் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரியும். ஆனால் வழக்கமாக எத்தனை மணிக்குத் திரை விலகும் என்று தெரிந்தவருக்குத்தான் விலகாததும் தெரியும். தினமும் "ஆயா, டீ குடிச்சாச்சா?" என்று கேட்டவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வாதம், வம்பு. ஒப்புக்கொள்கிறேன், வம்பு உண்டு. யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள் என்பது எங்கள் அணி காக்க வந்த பேச்சு இல்லை. அதை யார் பேசினாலும் தவறு. ஆனால் ஈ மொய்க்கும் என்று யாரும் சமைக்காமல் இருப்பதில்லை.

ஆடிக் கஞ்சியைச் சொல்லி முடிக்கிறேன். மாரியம்மனுக்கு ஆடியில் கஞ்சி வார்ப்பது இங்கே நடுக்குளிரில் வருகிறது. இரண்டு கிண்ணம் மீலி என்னும் மக்காச்சோள மாவை மூன்று கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு கரண்டி பழைய புளித்த கரைசல் விட்டு வைத்தால் கோடையில் ஒரு ராத்திரியில் புளிக்கும். ஜூலையில் இரண்டு ராத்திரி ஆகும், தெற்குப் பக்க அடுப்படியில் அப்போதும் புளிக்காது. அந்த வீட்டுக்காரர் பாத்திரத்தைத் துணியில் சுற்றி, வடக்கு வெயில் விழும் பக்கத்து வீட்டு ஜன்னலடியில் கொண்டுபோய் வைக்கிறார். மறுநாள் ஆறு கிண்ணம் நீரைக் கொதிக்கவைத்து, புளித்த மாவைக் கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே ஊற்றி, சிறுதீயில் அரை மணி வேகவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் மாஸ் என்னும் புளித்த பாலைச் சேர்க்கவேண்டும். கொதிக்கும்போது விட்டால் திரிந்துவிடும். வெங்காயம், பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு முதல் செம்பு அம்மனுக்கு. இரண்டாவது செம்பு, ஜன்னல் கொடுத்த அந்த வீட்டுக்கு. அந்த வீட்டில் பேசுவது தமிழாகவும் இருக்கும், குஜராத்தியாகவும் இருக்கும், ஜூலுவாகவும் இருக்கும்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள். தீர்ப்பு உங்களுடையது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, காற்றும் அடங்கிவிட்டது. பள்ளத்து வீட்டுக்காரர்கள் போனதும் செடியை மூடுங்கள், மேட்டு வீட்டுக்காரர்கள் அவர்களுக்கு இப்போதே ஒரு குரல் கொடுங்கள். நன்றி, வணக்கம்.