கடைசி ஆட்டத்துல ஜெயிச்சது யாரு?

வணக்கம். ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "இயக்குநர் ஸ்கோர்செஸியோட 'தி கலர் ஆஃப் மணி' பார்த்தேன். கடைசி ஆட்டத்துல யார் ஜெயிச்சாங்கன்னே காட்டலை. 'தி ஹஸ்லர்' பார்க்காததாலதான் புரியலையா?"

முதல் தடவை பார்த்தப்போ எனக்கும் இதே கோபம் வந்துச்சு. ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுட்டு, ஆட்டம் ஆரம்பிக்கிற இடத்துல முடிச்சா எப்படி? இந்தக் கேள்விக்காக மறுபடி பார்த்தேன். இப்போ அது சரியான முடிவுன்னு மனசாரச் சொல்றேன்.

1961ல வந்த 'தி ஹஸ்லர்'ல பால் நியூமன்தான் எடி. தெரியாதவன் மாதிரி ஆடி, பந்தயத்தை ஏத்திவிட்டு காசு பார்க்கிற பூல் (மேசை மேல பந்துகளைக் கோலால அடிக்கிற பில்லியர்ட்ஸ் மாதிரி ஆட்டம்) ஆட்டக்காரன். கடைசியில பெரிய ஆட்டக்காரரை ஜெயிக்கிறான். ஆனா ஜெயிச்ச அன்னிக்கே, இனிமே பெரிய பூல் ஹால் பக்கமே வரக்கூடாதுன்னு மிரட்டி அனுப்பிடுறாங்க. 25 வருஷம் கழிச்சு, 1986ல வந்த 'தி கலர் ஆஃப் மணி'ல, அதே எடி மது விக்கிறவரா வர்றார். டாம் குரூஸ் நடிச்ச வின்சென்ட்ங்கிற பையனுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கிறார். முக்கியமா எதைச் சொல்லிக் கொடுக்கிறார்? எங்க தோக்கணும்கிறதை! அந்தப் பையனுக்கோ தோக்கவே வராது.

அட்லாண்டிக் சிட்டி போட்டியில எடியும் வின்சென்டும் மோதுறாங்க, எடி ஜெயிச்சுடுறார். முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் வின்சென்ட் ரூமுக்கு வந்து ஒரு கவரை நீட்டுறான். வேணும்னே தோத்தேன், பந்தயத்துல உங்க பங்கு இதுன்னு. அந்த இடத்துல நியூமன் முகத்தைப் பாருங்க, வசனமே தேவையில்லை. இவர் சொல்லிக் கொடுத்த வித்தை இவர் மேலயே பாஞ்சுடுச்சு. அடுத்த ஆட்டத்துல பந்துல தன் முகம் தெரியுது. ஆட்டத்தையே விட்டுக் கொடுத்துட்டு வெளிய வந்துடுறார்.

கடைசியில வின்சென்டோட மறுபடி ஒரு ஆட்டம் ஆட நிக்கிறார். இதுக்கப்புறம் அதுலயும் எடி ஜெயிக்கிறதாக் காட்டினா நீங்க நம்புவீங்களா? இந்த தடவை நிஜமாத்தான் தோத்தானான்னு ஒரு சந்தேகம் இருந்துகிட்டே இருக்கும். அதனாலதான் எடி பிரேக் (ஆட்டத்தோட முதல் அடி) அடிச்சு, "நான் திரும்பி வந்துட்டேன்"னு சொன்னதோட படம் நிக்குது. அது ஒண்ணுதான் அவர் கையில இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நடுவுல வர்ற ஒரு காட்சி. ஃபாரஸ்ட் விட்டேக்கர் ஒரு அப்பாவிப் பையனா வந்து, ஏமாத்தறதுல பழம் தின்னு கொட்டை போட்ட எடியையே ஏமாத்திடுறார். காசெல்லாம் வாங்கிகிட்டு, நான் உடம்பைக் குறைக்கணுமான்னு சாதாரணமா ஒரு கேள்வி வேற! அந்த அவமானத்துக்கு அப்புறம்தான் எடி போய்க் கண்ணைப் பரிசோதிச்சு கண்ணாடி போடுறார். ஒருத்தர் தன்னோட வயசை ஒத்துக்கிறதை இவ்வளவு எளிமையா காட்ட முடியும்னு அங்கதான் பார்த்தேன்.

இதே எடி பாத்திரத்துக்கு 1961 படத்துல நியூமனுக்கு ஆஸ்கர் பரிந்துரையோட நின்னுபோச்சு. விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைச்சுது.

'தி ஹஸ்லர்' பார்க்காம இதைப் பார்க்கலாம், கதை புரியும். ஆனா முடிஞ்சா அதைப் பார்த்துட்டு இன்னொரு தடவை இதுக்கு வாங்க. அந்த கருப்பு வெள்ளைப் படத்துல பூல் ஹாலை விட்டு வெளிய போன ஆள், இங்க நரைச்ச தலையோட மறுபடி மேசைக்குக் குனியறப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.