செப்டெம்பரில் 602, நவம்பரில் 42: டெஸ்ட் ஃபோர்ம் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்

வணக்கம் எல்லாருக்கும். மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரைப் பக்கம் நின்று கதைக்கிறேன், காற்றுச் சத்தம் மைக்கில் ஏறினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருந்து எடுத்தால் பக்கத்து வீட்டு கிரைண்டர் இதைவிட மோசம். இன்றைக்கு டெஸ்ட் கிரிக்கெட். எந்த டீம் எப்படி நிற்கிறது, யார் ஃபோர்மில், அதாவது நல்லாக ஆடுகிற நிலையில், இருக்கிறார், யாரைத் தூக்க வேண்டும், இதைத்தானே எல்லாரும் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முதல் ஒரு விஷயம். இந்த ஃபோர்ம் ஃபோர்ம் என்று சந்திக்குச் சந்தி நின்று கதைக்கிறோமே, அதில் பாதி ஆடுகளம், மீதியில் பெரும்பங்கு போட்டி அட்டவணை என்பதுதான் என் எண்ணம். ஆளுடைய கையில் இருப்பது நாங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

எங்கட இலங்கை டீமையே எடுங்கள். 2024 செப்டெம்பரில் காலியில் நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட்டுக்கு 602 எடுத்து டிக்ளேர் பண்ணினார்கள். கமிந்து மெண்டிஸ் 182, ஆட்டமிழக்கவில்லை. மறுகா நியூசிலாந்தை 88க்குச் சுருட்டினார்கள், பிரபாத் ஜயசூரியவுக்கு 6 விக்கெட். இன்னிங்ஸ் வெற்றி. அதைப் பார்த்துவிட்டு இங்கே பொடியன்மார் லோர்ட்ஸில் நடக்கவிருந்த உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் ஃபைனலுக்கு விசா எடுக்காத குறைதான். இரண்டு மாதம் கழித்து தென்னாபிரிக்காவின் டர்பனில் கிட்டத்தட்ட அதே துடுப்பாட்ட வரிசை 42க்கு ஓல் அவுட். 14 ஓவர் கூட நிற்கவில்லை. மார்கோ ஜென்சன் 13 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட். ஐந்து பேர் முட்டை. அந்த 42இல் ஆகக் கூடுதலாக எடுத்தவர் யார் தெரியுமா? அதே கமிந்துதான். 13.

அந்த இன்னிங்ஸ் ஹைலைட்ஸை ஸ்லோமோஷனில் போட்டுப் பாருங்கள், கால்களை மட்டும் பாருங்கள், துடுப்பைப் பார்க்க வேண்டாம். ஜென்சன் ஆறடி ஒன்பது அங்குலம், இடக்கைக்காரர். அவ்வளவு உயரத்தில் இருந்து அவர் விடும் பந்து காலியில் விழுந்தால் முழங்காலுக்கு வரும், முன்காலைப் போட்டுத் தடுத்துவிட்டுச் சும்மா நிற்கலாம். டர்பனில் அதே இடத்தில் விழுந்தது விலாவுக்கு ஏறும். ஒன்று ஏறினால் போதும், அடுத்த பந்துக்குக் கால் கிரீஸை விட்டு வராது. அவர் அடுத்ததைத் துடுப்பாளருக்கு இன்னும் கிட்ட விழப் போடுவார், கால் வராது, கை மட்டும் பந்தைத் தேடிப் போகும், ஸ்லிப்பில் பிடி. இதற்கு ஃபோர்ம் என்று பெயர் வைத்தால் எப்படி? செப்டெம்பரில் இருந்த ஃபோர்ம் விமானத்தில் ஏறும்போது கட்டுநாயக்கவில் விட்டுவிட்டா போனது?

அதோடு அது கிங்ஸ்மீட் மைதானம். 2019 பெப்ரவரியில் அதே மைதானத்தில்தான் குசல் பெரேரா 153 அடித்து, கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவை வைத்துக்கொண்டு 78 ஓட்ட இணைப்பாட்டம் போட்டு, 304 என்ற இலக்கைத் துரத்தி முடித்தார். விஷ்வ அதில் எடுத்தது 6. அந்த இன்னிங்ஸை நான் இப்போதும் மனசு சரியில்லாத நாட்களில் போட்டுப் பார்ப்பேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காலியில் 88க்குச் சுருண்ட அந்த நியூசிலாந்து அங்கிருந்து எங்கே போனது? இந்தியாவுக்கு. கேன் வில்லியம்சன் காயம், தொடரில் ஒரு போட்டி கூட ஆடவில்லை. எல்லாரும் இது 3-0 என்றார்கள். 3-0தான், ஆனால் வென்றது நியூசிலாந்து! பெங்களூரில் இந்தியா 46, புனேயில் சாண்ட்னருக்கு 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் பட்டேலுக்கு 11. 12 வருடமாகச் சொந்த மண்ணில் தொடர் எதையும் தோற்காத டீம் அது. காலியில் தோற்று ஒரு மாதத்துக்குள் நியூசிலாந்துக்காரர் புதிதாகத் துடுப்பாட்டம் பழகிவிட்டார்களா? இல்லை. பெங்களூரில் மேகமும் ஈரமும், மற்ற இரண்டு இடத்தில் பந்து திரும்ப வேண்டும் என்று இந்தியாவே ஆசைப்பட்டுப் போட்ட ஆடுகளம். தான் வெட்டிய குழி.

அவுஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா இன்னொரு உதாரணம். 2024-25இல் இந்தியாவுடன் 10 இன்னிங்ஸில் 184 ஓட்டம், ஒரே ஒரு அரைச்சதம், பும்ராவின் பந்தில் திரும்பத் திரும்ப அவுட். 38 வயது, முடிந்தது கதை என்று எழுதினார்கள். சில வாரத்தில் காலிக்கு வந்து எங்களுக்கு 232 அடித்தார். ஸ்மித் 141, அறிமுகப் போட்டியில் ஜோஷ் இங்லிஸ் 102, 6 விக்கெட்டுக்கு 654. இன்னிங்ஸாலும் 242 ஓட்டத்தாலும் தோற்றோம், எங்கட டெஸ்ட் வரலாற்றிலேயே பெரிய தோல்வி. கவாஜா திருந்தவில்லை, எதிரே பும்ரா இல்லை, அவ்வளவுதான். அந்தத் தொடரில் எங்கட சுழலை விட அவர்களின் குனமன் நன்றாகப் போட்டார், இரண்டு போட்டியில் 16 விக்கெட். சுழல் எங்கட சொத்து என்று இன்னும் மார்தட்டுகிற ஆக்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி கமிந்து. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் கதைக்க வேண்டும், ஏனென்றால் இவரைத் திட்டுகிறவர்கள் கூடிப்போய்விட்டார்கள். 2022இல் காலியில் அவுஸ்திரேலியாவுடன் அறிமுகம், 61 ஓட்டம். நல்ல தொடக்கம். அடுத்த டெஸ்ட் எப்போது? 2024 மார்ச்சில், பங்களாதேஷின் சில்ஹெட்டில். இருபது மாத இடைவெளி! அங்கே போய் இரண்டு இன்னிங்ஸிலும் சதம், அணித்தலைவர் தனஞ்சயவும் அதே போட்டியில் இரண்டு சதம். பிறகு 13ஆவது இன்னிங்ஸில் 1000 ஓட்டத்தைக் கடந்தார், அது டொன் பிரட்மனுக்குச் சமம். முதல் எட்டு டெஸ்டிலும் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு அரைச்சதம், உலகத்தில் யாரும் செய்யாதது. அதற்குப் பிறகு வேகம் குறைந்தது, உண்மைதான். 2025 ஜூனில் பங்களாதேஷுடன் காலியில் 87 எடுத்தார், சதம் கைநழுவியது. இப்போது சொல்லுங்கள், அவர் ஃபோர்மில் இருக்கிறாரா இல்லையா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, தேர்வுக் குழுவுக்கும் தெரியாது. 2025 முழுக்க இலங்கை ஆடியது நாலே நாலு டெஸ்ட். அவுஸ்திரேலியாவுடன் இரண்டு, பங்களாதேஷுடன் இரண்டு, ஜூன் மாதத்தோடு கடை பூட்டு. அதே வருடம் அவுஸ்திரேலியா 11, இங்கிலாந்து 10. இங்கிலாந்தின் ரூட் மூன்று போட்டியில் சறுக்கினால் நாலாவது போட்டி அடுத்த கிழமை இருக்கும், திருத்திக்கொள்ளலாம். கமிந்து சறுக்கினால் அடுத்த வருடம்தான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு வருகிறது என்றால், இங்கே எங்கட பொடியன்களுக்கும் இதுதான் நடக்கிறது. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானங்கள் பலவற்றில் கடினபந்து என்றால் மெட்தான். சீமெந்துக்கு மேல் மெட்டை விரித்து நாலு பக்கமும் ஆணி அடித்து ஆடுவது. பந்து ஒரே அளவாக எழும்பும், பொடியன் பின்காலில் நின்று கட், புல் என்று வெளுத்து வாங்குவான். ஆணி கழன்ற மூலையில் விழுந்தால் மட்டும் கடவுள் காப்பாற்ற வேண்டும். அவனைக் கொழும்புக்கு ட்ரையலுக்குக் கூப்பிடுவார்கள். இரவு முழுக்க பஸ்ஸில் போய் இறங்கி, காலையில் வாழ்க்கையில் முதல்தடவையாக டர்ஃப், அதாவது மண்ணும் புல்லும் உள்ள, ஆடுகளத்தில் நிற்பான். பந்து தாழ்ந்து வரும், இவன் புல் பண்ணப் போவான், எல்பிடபிள்யூ. பத்துப் பந்து. "ஆள் ஃபோர்மில் இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மெட்டில் பழகியவனுக்கு டர்ஃப் பழக ஒரு மாதமாவது வேண்டாமா?

சரி, அட்டவணைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் தென்னாபிரிக்கா எப்படி வென்றது என்று ஒருத்தன் மறித்துக் கேட்டான். நல்ல கேள்வி. அவர்களும் இரண்டு இரண்டு போட்டித் தொடர்தான் ஆடினார்கள். 2024 தொடக்கத்தில் சொந்த நாட்டு டி20 லீக்குக்காக நியூசிலாந்துக்கு இரண்டாம் தர டீமை அனுப்பி, அறிமுகப் போட்டியிலேயே ஒருவரை அணித்தலைவராக இறக்கி அடி வாங்கினார்கள். அப்படி இருந்தும் 2025 ஜூனில் லோர்ட்ஸில் அவுஸ்திரேலியாவை வீழ்த்தி உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் கிண்ணத்தைத் தூக்கினார்கள். ரபாடாவுக்கு 9 விக்கெட், 282ஐத் துரத்தும்போது மார்க்ரம் 136, பவுமா தொடை பிடித்துக்கொண்ட காலோடு நொண்டி நொண்டி 66. என் பதில் இதுதான்: அவர்களிடம் எந்த ஆடுகளத்துக்கும் ஆள் இருக்கிறது. வேகத்துக்கு ரபாடாவும் ஜென்சனும், திரும்பும் இடத்துக்கு மகாராஜ், ஹாமர். அதே வருடம் நவம்பரில் இந்தியாவுக்குப் போய் 2-0, கொல்கத்தாவில் 124ஐத் துரத்திய இந்தியா 93க்குச் சரிந்தது, குவாஹாட்டியில் 408 ஓட்டத் தோல்வி. ஹாமருக்கு இரண்டு போட்டியில் 17 விக்கெட். பவுமாவின் உயரத்தையும் ஆங்கிலத்தையும் கிண்டல் பண்ணி மீம் போட்ட ஆக்கள் எல்லாம் இப்போது எங்கே?

அந்த டீமில் எனக்குப் பிடித்தவர் செனுரன் முத்துசாமி. டர்பன்காரர், பெயரே வம்சத்தைச் சொல்லும். 2019இல் விசாகப்பட்டினத்தில் அறிமுகம், முதல் விக்கெட்டே கோலி. அதற்குப் பிறகு வருடக்கணக்காக வெளியேதான் இருந்தார். 2025 ஒக்டோபரில் லாகூரில் பாகிஸ்தானுக்கு எதிராக 11 விக்கெட் எடுத்தார், அடுத்த மாதம் குவாஹாட்டியில் 109 அடித்தார். இடையில் அவரை யாராவது "ஃபோர்ம் இல்லை" என்று முடித்து வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

இந்தியா ரசிகர்கள் இப்போது கோபத்தில் இருப்பீர்கள், அதனால் நல்லதையும் சொல்கிறேன். 2025 இங்கிலாந்துத் தொடரில் கில் 754 ஓட்டம், அதில் எட்ஜ்பஸ்டனில் மட்டும் 269, 161. ஓவலில் சிராஜ் கடைசி நாள் போட்ட யோர்க்கர், 6 ஓட்ட வெற்றி, தோள் விலகிய வோக்ஸ் ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆட வந்து மறுமுனையில் நின்றது, டெஸ்ட் செத்துவிட்டது என்கிறவர்களை அந்த ஒரு காலையைப் பார்க்க வையுங்கள். ஆனால் வொஷிங்டன் சுந்தரை வைத்து என்ன செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பந்துவீச்சில் புனேயில் 7 விக்கெட், துடுப்பில் ஓல்ட் டிரஃபோர்டில் சதம் அடித்துப் போட்டியைக் காப்பாற்றினார். அப்படிப்பட்டவரைக் கொல்கத்தாவில் 3ஆம் இடத்தில் இறக்கினார்கள், அடுத்த போட்டியில் 8ஆம் இடம். சமையல்காரனை ஒருநாள் மணவறையில் இருத்தி மறுநாள் பந்தல் கட்ட விட்ட மாதிரி.

இங்கிலாந்தில் ரூட் ஒருவர்தான் எனக்கு. அவர் காலிக்கு வந்து 2021இல் 228, அடுத்த போட்டியில் 186 அடித்தபோது எங்கட சுழற்பந்துக்காரர் எம்புல்தெனிய ஒருவர் மட்டும் தனியாக நின்று ஒரு இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார். எம்புல்தெனியவை இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ரூட்டுக்கு அவுஸ்திரேலியாவில் சதம் இல்லை என்பதுதான் ஒரே குறை, அதுவும் 2025 டிசம்பரில் பிரிஸ்பேனில் 138 உடன் தீர்ந்தது. ரூட் சதம் அடிக்காவிட்டால் மெல்பர்னில் நிர்வாணமாக நடப்பேன் என்று சொன்ன மத்தியூ ஹெய்டனுக்குத்தான் ஆகப் பெரிய நிம்மதி.

ஃபோர்ம் என்று நான் முழு மனதோடு ஒப்புக்கொள்ளும் ஒரு ஆள் இருக்கிறார், அவுஸ்திரேலியாவின் மிட்செல் ஸ்டார்க். 2025இல் 35 வயது. கிங்ஸ்டனில் தன் 100ஆவது டெஸ்டில் 9 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட், மேற்கிந்தியத் தீவுகள் 27க்கு ஓல் அவுட். பிறகு பேர்த்தில் இங்கிலாந்துடனான ஆஷஸ் தொடரின் முதல் போட்டியில் 10 விக்கெட், போட்டி இரண்டே நாளில் முடிந்தது. அதில் டிரெவிஸ் ஹெட் 83 பந்தில் 123 அடித்ததைப் பற்றி நான் என்ன சொல்ல, அவருக்கு ஆடுகளமும் இல்லை, ஒன்றும் இல்லை, அது வேற ஆள். மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றி 27 என்ற எண்ணுக்கு மேல் கதைக்க மனம் வரவில்லை. பாகிஸ்தான் வீட்டில் சுழல் ஆடுகளம் போட்டு ஒன்று வெல்கிறது, அடுத்ததில் அதே சுழலில் தானே விழுகிறது. பங்களாதேஷில் ஷாந்தோ காலியில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தது நல்ல ஆட்டம், போட்டிதான் சமநிலையில் முடிந்தது.

கடைசியாக எங்கட டீமுக்கு என் தெரிவு. திமுத் ஓய்வு பெற்றுவிட்டார், மெத்தியூஸும் டெஸ்டை விட்டுப் போய்விட்டார், அந்த அனுபவத்துக்கு ஈடு உடனே வராது. பெத்தும் நிஸ்ஸங்க இரண்டு வருடம் டெஸ்ட் ஆடாமல் இருந்து திரும்பி வந்தவர், ஓவலில் ஆட்டமிழக்காமல் 127 அடித்து இங்கிலாந்தை வீழ்த்தினார், பங்களாதேஷுடன் 187, 158. தொடக்கத்தில் அவரை யாரும் தொடக் கூடாது. கமிந்துவை 5ஆம் இடத்தில் வைத்துவிட்டு இரண்டு வருடத்துக்கு அந்தப் பெயரைப் பற்றிக் கூட்டமே போட வேண்டாம். ஜயசூரிய காலிக்கு ராஜா, வெளிநாட்டில் அவரோடு இன்னொரு வேகப்பந்துக்காரர் கட்டாயம் வேண்டும், அசித்த ஒருவரே எவ்வளவுக்கு ஓடுவார். ஆனால் இதெல்லாம் பேசி என்ன, முதலில் போட்டியைப் போடுங்கள் ஐயா.

உங்கட பதினொரு பேரைக் கீழே எழுதுங்கள், சண்டையும் பிடியுங்கள், ஆனால் கோலி ரசிகர்களே, கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம், இந்தச் சனலை என் அம்மாவும் பார்க்கிறவ.